கட்டிப்போடாத வீடு: கெண்டல் என்ற குவேக்கர் முதியோர் குடியிருப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கென்னட் ஸ்கொயர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1973இல் திறக்கப்பட்டது 'கெண்டல் அட் லாங்வுட்'. குவேக்கர்கள் கட்டிய முதியோர் குடியிருப்புகளில் இது முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. ஆனால் இந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் 300 வருட குவேக்கர் வழக்கமும், அமெரிக்க நர்சிங் ஹோம் சட்டமும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் இதையே நடுவில் வைத்து, வழக்கமாக வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

குவேக்கர் என்றால் ஓட்ஸ் டப்பாவில் சிரிக்கும் தாத்தாவா?

டப்பாவில் இருப்பது வேஷம்தான். குவேக்கர் உடையில் ஒரு மனிதரின் படத்தை ஓஹையோ மாநிலத்து ஓட்ஸ் மில் ஒன்று 1877இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. குவேக்கர்கள் எடை குறைக்க மாட்டார்கள், விலை ஏமாற்ற மாட்டார்கள் என்று ஊரில் பெயர் இருந்தது. அந்தப் பெயரை மில்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள். மற்றபடி கம்பெனிக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை.

உண்மையான குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். தொடங்கியவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். 1650இல் டார்பி நகரத்தில் ஒரு நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டபோது, கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று அந்த நீதிபதிக்கே புத்தி சொன்னார். 'நடுங்கிகள்' என்று அவர் திருப்பிக் கேலி செய்ய, அந்தக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'நண்பர்கள் சங்கம்' என்று.

இந்தக் கதைக்கு வேண்டிய இரண்டு பழக்கங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய மரபில் பாதிரியார் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது பேசத் தோன்றினால் எழுந்து பேசுவார்கள். முடிவெடுக்கும்போது ஓட்டெடுப்பும் கிடையாது. கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சேர்கிறது என்று பார்த்து ஒருவர் எழுதுவார், எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் அது முடிவு. சேரவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிடுவார்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற இடம் இல்லைதான்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எப்போது இறங்கினார்கள்?

பிலடெல்பியா நகரம் உருவாகி முப்பது வருடம்கூட ஆகாத காலத்தில். அங்கே ஜான் மார்ட்டின் என்று ஒரு தையற்காரர் இருந்தார். வால்நட் தெருவில் அவருக்கு நல்ல பெரிய மனை ஒன்று. நகரத்தின் பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கிறபடி, அதை அவர் நண்பர்கள் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: சாகும்வரை என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? வீட்டை எழுதிவைத்து, 'கடைசிவரை ஒரு வாய் சோறு போடு' என்று கேட்கிற பெரியவர்கள் நம் ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகங்களில் தினமும் வரிசையில் நிற்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். மார்ட்டின் எழுதிக்கொடுத்தது பிள்ளைக்கோ மருமகனுக்கோ இல்லை, ஒரு சபைக்கு. பிள்ளை மனம் மாறலாம். சபை ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு மாறினால் ஊரே பார்க்கும்.

அந்த மனையில் 1713இல் குவேக்கர்களின் தர்ம விடுதி எழுந்தது. பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில் போடவில்லை. தோட்டத்தைச் சுற்றித் தாழ்வான சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டினார்கள். தெருவைப் பார்த்த முன்கட்டு 1729இல் வந்தது. வசதியில்லாத வயதான உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு கதவு, ஒரு அடுப்பு என்று இருந்தார்கள். அந்தக் கட்டிடங்கள் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அந்த இரண்டு யோசனைகளும், அதாவது சொத்தைக் கொடுத்து ஆயுள் முழுக்கப் பராமரிப்பு வாங்குவதும், பொதுக்கூடத்துக்குப் பதிலாகத் தோட்டத்தைச் சுற்றித் தனிக்குடில்கள் என்பதும், 250 வருடம் கழித்து அதே மாநிலத்தில் திரும்ப முளைத்தன.

நடுவில் வந்தவை சாதாரண விடுதிகள். வெஸ்ட் செஸ்டரில் 1891இல் ஹிக்மன் இல்லம், கென்னட் ஸ்கொயரில் 1898இல் நண்பர்கள் இல்லம். ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பேச்சுத்துணை.

அப்படியானால் 1960களில் புதிதாக என்ன வந்தது?

ஒரே வளாகத்தில் எல்லாக் கட்டமும். நடமாட்டம் இருக்கும்வரை சொந்தக் குடில் அல்லது ஃபிளாட். குளிக்க, மாத்திரை சாப்பிட ஆள் துணை தேவைப்படும்போது அதற்கான பகுதி. படுத்த படுக்கையானால் செவிலியர்கள் இருக்கும் மையம். இந்த மூன்றாவதைத்தான் அமெரிக்காவில் 'நர்சிங் ஹோம்' என்கிறார்கள். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் ஆபரேஷனும் நடக்கிற சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அது பெரும்பாலும் முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் இடம். இனி வருகிற பதில்களில் அந்த அர்த்தத்தில்தான் படிக்க வேண்டும்.

அமெரிக்க அரசு 1965இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டைக் கொண்டுவந்தது. அது ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கும். வருடக்கணக்கில் நீளும் பராமரிப்புச் செலவைக் கொடுக்காது. இருதய ஆபரேஷனுக்கு வழி இருந்தது, நினைவு தப்பிப்போன கணவரைப் பத்து வருடம் பார்த்துக்கொள்ள வழியில்லை. நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு கரைந்தது அந்தப் பள்ளத்தில்தான். அதை அடைக்கத்தான் இந்தக் குடியிருப்புகள் வந்தன.

பென்சில்வேனியாவில் முதலில் வந்தது ஃபௌல்க்வேஸ், 1967. க்வினெட் ஊர்க் குவேக்கர்கள் ஆரம்பித்தது. ஃபௌல்க் என்பது 1698இல் வேல்ஸிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பத்தின் பெயர். 1967இலேயே மேரிலாந்தின் சாண்டி ஸ்பிரிங்கில் ஒன்று. நியூ ஜெர்சியில் மெட்ஃபோர்டு லீஸ், 1971. அந்த வளாகம் முழுக்க மரப்பூங்காவாகவே வளர்த்திருக்கிறார்கள். அப்புறம்தான் 1973இல் கெண்டல்.

'கெண்டல்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஒரு சந்தை ஊர். 1652இல் ஃபாக்ஸ் அந்தப் பக்கத்து மலையொன்றில் ஏறி நின்று பேசியதிலிருந்துதான் குவேக்கர்கள் ஒரு இயக்கமானார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களுக்குச் செருப்பும் வழிச்செலவும் வேண்டும்; பலர் சிறையில் இருந்தார்கள், அவர்கள் குடும்பத்துக்குச் சாப்பாடு வேண்டும். இதற்காக 1654இல் மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணி சேர்த்த பொதுப்பணம்தான் 'கெண்டல் நிதி'. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வது. ஆயுள் பராமரிப்புக் குடியிருப்பின் கணக்கும் அடிப்படையில் அதுதான். பெயர் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

லாங்வுட் என்ற இடத்துக்கு ஏதாவது வரலாறு உண்டா?

நிறைய. 1850களில் கென்னட் வட்டாரக் குவேக்கர்களுக்குள்ளேயே ஒரு சண்டை. அடிமைமுறை தவறு என்பதில் எல்லோரும் ஒன்று. அதை எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்பதில்தான் தகராறு. சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றவர்கள் 1853இல் பிரிந்துபோய் 'முற்போக்கு நண்பர்கள்' என்று தனிச்சபை வைத்தார்கள். 1855இல் லாங்வுட்டில் ஒரு கூட்ட வீடு, அதாவது சபை கூடும் கட்டிடம், கட்டினார்கள். தப்பி வரும் அடிமைகளை வடக்கே அனுப்பிவைத்த ரகசிய வழியில் இந்த வட்டாரத்து வீடுகள் முக்கியமான தங்கல்கள். அடிமைகளாகப் பிறந்து, அடிமைமுறையை எதிர்த்துப் பேசிப் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸ், சோஜர்னர் ட்ரூத் இருவரும் அந்தக் கூட்ட வீட்டில் பேசியிருக்கிறார்கள். 1862 ஜூனில் இந்தச் சபையின் குழு ஒன்று வாஷிங்டன் போய் ஆபிரகாம் லிங்கனை நேரில் பார்த்து, அடிமைகளை விடுவித்துவிடுங்கள் என்று கேட்டது. மூன்று மாதம் கழித்து லிங்கன் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார். இவர்கள் கேட்டதால்தான் என்று சொல்ல முடியாது. கேட்டவர்களில் இவர்களும் உண்டு.

பக்கத்திலேயே லாங்வுட் தோட்டம். பியர்ஸ் என்ற குவேக்கர் குடும்பத்தின் இரட்டைச் சகோதரர்கள் 1798இல் மரம் நட ஆரம்பித்த நிலம் அது. 1906இல் மரங்கள் வெட்டுக்குப் போக இருந்த நேரத்தில் பியர் டூபான்ட் என்ற தொழிலதிபர் வாங்கிக் காப்பாற்றினார்.

பணக் கணக்கு எப்படி?

சேரும்போது ஒரு பெரிய நுழைவுத் தொகை, அப்புறம் மாதாமாதம் கட்டணம். பெரும்பாலோர் சொந்த வீட்டை விற்றுத்தான் நுழைவுத் தொகை கட்டுகிறார்கள். முழு ஆயுள் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால், குடிலிலிருந்து செவிலியர் மையத்துக்கு மாறினாலும் மாதக் கட்டணம் ஏறக்குறைய முன்பு இருந்ததுதான். வெளியே நர்சிங் ஹோம் போனால் ஆகிற செலவு அதைப்போலப் பல மடங்கு. நலமாக இருப்பவர் கட்டுவது முடியாமல் போனவருக்குப் போகிறது. நாளை அவர் முடியாமல் போகும்போது வேறொருவர் கட்டுவார். சேரும்போது ஓரளவு ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான்.

இடையில் கையில் காசு தீர்ந்துவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களா?

இல்லை. இதற்கு மனசாட்சியும் காரணம், வரிச்சட்டமும் காரணம். 1972இல் அமெரிக்க வருமான வரித்துறை ஒரு தீர்ப்பு வெளியிட்டது: வயதானவர்களின் உறைவிடம், உடல்நலம், பொருளாதாரப் பாதுகாப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளும் இல்லம், ஏழைகளுக்கு மட்டுமானதாக இல்லாவிட்டாலும், தர்ம ஸ்தாபனமாகக் கணக்கில் வரும். ஆனால் உள்ளே வந்தபின் பணம் கட்ட முடியாமல் போனவரை வெளியேற்றக் கூடாது என்ற கொள்கை இருக்க வேண்டும். கெண்டல் லாப நோக்கமில்லாத அமைப்பு. இப்படிப்பட்டவர்களுக்காகத் தனி நிதி வைத்திருக்கிறார்கள்.

நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு அதே காலத்தில் ஒரு பாடம் நடந்தது. கலிஃபோர்னியாவில் மெத்தடிஸ்ட் சபையோடு தொடர்புள்ள 'பசிஃபிக் ஹோம்ஸ்' என்ற முதியோர் இல்ல அமைப்பு, ஆயுள் பராமரிப்புக்கு முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு வாக்குக் கொடுத்தது. விலைவாசி ஏறியது, குடியிருந்தவர்கள் கணக்குப் போட்டதைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். 1977இல் திவால். மொத்தப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு 'இனி ஒன்றும் கேட்க மாட்டோம்' என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று அன்று புரிந்தது. கெண்டல் போன்ற இடங்களில் மாதக் கட்டணம் செலவுக்கேற்ப ஏறும். குடியிருப்பவர்களுக்கு அது பிடிக்காது. ஆனால் ஏறாமல் இருப்பது அதைவிடப் பயம்.

கெண்டலை எல்லோரும் பேசுவதற்குக் காரணம் என்ன?

அங்கே யாரையும் கட்டிப்போடுவதில்லை.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 1980களின் கடைசியில் அமெரிக்க நர்சிங் ஹோம்களில் இருந்தவர்களில் சுமார் 40% பேர் ஏதாவது ஒரு வகையில் கட்டப்பட்டிருந்தார்கள். கொடுமைக்காரர்கள் கட்டவில்லை, நல்ல நர்ஸுகள்தான் கட்டினார்கள், விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில். நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் பெல்ட். பனியன் மாதிரி மாட்டி, பின்னால் நாடாவை முடிச்சுப் போடும் துணி. கைக்கு உறை. எழுந்திருக்க முடியாதபடி முன்னால் பலகை பூட்டிய சாய்வு நாற்காலி. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. விழுந்து எலும்பு முறிந்தால் பிள்ளைகள் வழக்குப் போடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

கெண்டல் 1973இல் திறந்த நாளிலிருந்தே இதையெல்லாம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தது. அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. 1790இல் இங்கிலாந்தின் யார்க் நகர மனநோய் விடுதியில் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் பெண் இறந்துபோனார். அவரைப் பார்க்க வந்த நண்பர்களை உள்ளே விடவே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது. தேயிலை வியாபாரியான வில்லியம் டியூக் என்ற குவேக்கர் பணம் திரட்டி, 1796இல் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். சங்கிலி கிடையாது. நோயாளிகளை நல்ல உடை உடுத்தச் சொல்லித் தேநீர் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அதைப் பார்த்துப் பிலடெல்பியா குவேக்கர்கள் 1813இல் அமைப்பை உருவாக்கி, 1817இல் தங்கள் மனநோய் மருத்துவமனையைத் திறந்தார்கள். பைத்தியம் என்று ஊர் ஒதுக்கியவரையே கட்டக் கூடாது என்றவர்களின் வாரிசுகள், நினைவு மங்கிய ஒரு பாட்டியைக் கட்டச் சம்மதிப்பார்களா?

கட்டாமல் விட்டால் விழுந்துவிட மாட்டார்களா?

சில சமயம் விழுவார்கள். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் கட்டிவைப்பதால் பெரிய காயங்கள் குறைவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்தது. கட்டிவைத்த ஆளின் தசை வற்றும், படுக்கைப்புண் வரும், மலச்சிக்கல் வரும். ஒருநாள் அவிழ்த்துவிட்டால் நிற்கவே கால் இராது. நழுவி இறங்கும்போது அந்தத் துணியே கழுத்தில் இறுகி இறந்தவர்களும் உண்டு.

கட்டாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. ஒரு கேள்வியில் தொடங்கும் வேலை: இவர் ஏன் எழுந்திருக்கிறார்? ஒரு பாட்டி தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்து வாசலைப் பார்த்து நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் போட்டால் கேள்வி அதோடு முடிந்துவிடும். பெல்ட் இல்லாவிட்டால் யோசித்தே ஆக வேண்டும். மத்தியானம் குடித்த தேநீருக்கு இப்போது பாத்ரூம் போக வேண்டுமா? இடுப்பு வலியா? இருபது வருடம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரமா அது? முதலாவது என்றால் மூன்றரைக்கே கூட்டிப் போனால் போதும். கடைசி என்றால் அவரோடு நாலு எட்டு நடந்துவிட்டு வரலாம். உயரம் சரியில்லாத நாற்காலியில் மணிக்கணக்கில் உட்காரவைத்தால் யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றும், அதற்கு ஞாபக மறதி வேண்டியதில்லை. ஆக, கட்டில் தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும், பக்கத்தில் மெத்தை விரிப்பு, இரவில் பாத்ரூம்வரை வெளிச்சம், ஆளுக்கேற்ற நாற்காலி. விலை உயர்ந்த பொருள் எதுவும் இதில் இல்லை. அந்தப் பாட்டியைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு ஆள்தான் வேண்டும்.

இது சட்டமானதா?

ஆனது. 1986இல் கெண்டல் 'பெரியவர்களின் கட்டை அவிழ்த்துவிடுங்கள்' என்ற பொருள் வரும் பெயரில் ஒரு பிரச்சாரத்தைத் தொடங்கியது. 1987 டிசம்பரில் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது: தண்டனையாகவோ, ஊழியர்களின் வசதிக்காகவோ யாரையும் கட்டக் கூடாது, மருந்து கொடுத்து மயக்கியும் வைக்கக் கூடாது. அது 1990 அக்டோபரில் நடைமுறைக்கு வருவதற்குமுன், 1989 டிசம்பரில் அமெரிக்க செனட்டின் முதியோர் நலக் குழு கெண்டலோடு சேர்ந்து வாஷிங்டனில் ஒரு கருத்தரங்கம் நடத்தியது. 'சட்டம் போட்டுவிட்டீர்கள், கட்டாமல் எப்படி நடத்துவது?' என்று கேட்டவர்களுக்கு, பதினாறு வருடமாக நடத்திக்கொண்டிருக்கும் ஒரு இடத்தைக் காட்ட முடிந்தது. 2010களில் கட்டப்படுபவர்கள் 3%க்கும் கீழே வந்துவிட்டார்கள். எல்லாம் கெண்டலால் மட்டும் நடந்ததில்லை. நர்ஸுகள், ஆராய்ச்சியாளர்கள், நோயாளிகளின் உரிமைக்காகப் போராடியவர்கள் எனப் பலர் தள்ளிய தேர் அது.

குவேக்கர்கள் மட்டும்தான் சேரலாமா?

யாரும் சேரலாம். இந்தக் குடியிருப்புகளில் இருப்பவர்களில் குவேக்கர்கள் சிறுபான்மைதான். மௌனக் கூட்டம் நடக்கும், இஷ்டமிருந்தால் போகலாம்.

அங்கே நாள் எப்படிப் போகும்?

நூலகம், தோட்டம், தச்சுப்பட்டறை, இசைக்குழு என்று பலவற்றைக் குடியிருப்பவர்களே குழு போட்டு நடத்துகிறார்கள். கூட்டங்கள் அதிகம் என்பது அங்கே வழக்கமான நகைச்சுவை.

எனக்குப் பிடித்த காட்சி, நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா ஊரில் பின்னால் வந்த இன்னொரு கெண்டலில் நடந்தது. ஹான்ஸ் பெத்தே என்ற இயற்பியலாளர், சூரியன் எப்படி எரிகிறது என்று கண்டுபிடித்து 1967இல் நோபல் பரிசு வாங்கியவர், கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். 1999இல், 93 வயதில், பக்கத்துக் குடில்காரர்களுக்காகக் குவாண்டம் கொள்கை பற்றி மூன்று சொற்பொழிவு நடத்தினார். கேட்க வந்தவர்களும் தள்ளாத வயதுக்காரர்கள்தான். கார்னெல் பல்கலைக்கழகம் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது.

எங்கெல்லாம் இருக்கிறது?

லாங்வுட்டுக்குப் பக்கத்திலேயே 1977இல் கிராஸ்லாண்ட்ஸ். அப்புறம் வேறு மாநிலங்களில்: ஹானோவர் 1991, ஓபர்லின் 1993, இத்தாக்கா 1995, லெக்சிங்டன் 2000. ஒவ்வொன்றும் ஒரு கல்லூரி ஊர் என்பதைக் கவனிக்கலாம்.

இதெல்லாம் பணக்காரர்களுக்குத்தானே?

பெரும்பாலும் ஆமாம். சமத்துவம் பேசும் குவேக்கர்களுக்கு இது உறுத்தலான விஷயம், அவர்களே அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். விற்க ஒரு வீடு இருப்பவர்தான் நுழைவுத் தொகை கட்ட முடியும். அமெரிக்காவில் யாருக்குச் சொந்த வீடு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் நிறம் இருக்கிறது. அதனால் இந்த வளாகங்களில் வெள்ளையர்களே அதிகம். உதவி நிதி உள்ளே வந்தவரைக் காப்பாற்றுகிறது, வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு அது எட்டுவதில்லை. 1713இல் வால்நட் தெருவில் கட்டியது கையில் காசில்லாத முதியவர்களுக்காக. 1973இல் கட்டியது சேமிப்பு கரைந்துவிடுமோ என்று பயந்த நடுத்தர வர்க்கத்துக்காக. என் கணக்கில் கெண்டல் ஏழைகளுக்குச் செய்த பெரிய காரியம் அதன் வளாகத்துக்குள் நடக்கவில்லை. அந்த வாசலை ஒருநாளும் மிதிக்காத, அரசு உதவியில் நர்சிங் ஹோமில் கிடந்த எத்தனையோ பேரின் இடுப்பிலிருந்து பெல்ட் போனதே, அதுதான்.

அந்தப் பக்கம் போனால் ஏதாவது பார்க்கலாமா?

கெண்டல் மக்கள் வசிக்கும் இடம், சுற்றுலாத் தலம் இல்லை. ஆனால் 1855இல் கட்டிய அந்த லாங்வுட் கூட்ட வீடு இன்னும் தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இப்போது அது பயணிகள் தகவல் மையம். டக்ளஸ் பேசிய கூரையின் கீழ் வரைபடம் வாங்கிக்கொள்ளலாம்.